பெட்ரோலை மட்டும் விட்டுவிட்டார்கள்

மச்சான்,

இன்று காலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முனையில் ஒரு டிப்பர் லாரி என் முகத்திலேயே புகையைக் கக்கிவிட்டுப் போனது. டீசல் நாற்றம் ஏறியதும் கையில் டீ ஆறிப்போக, நான் அபிசீனியாவில் நின்றுகொண்டிருந்தேன். கதை சொல்லியே நீ கூட்டிக்கொண்டு போன ஊர்.

உருக்காலையில் நமக்கு ஒரே ஷிப்டு. நீ பி.ஏ. வரலாறு, நான் எட்டாவது. அந்தக் காலத்து எட்டாவது இப்போதைய இரண்டு பி.ஏ.வுக்குச் சமம், அது வேறு. கேன்டீனில் நீ கதையை ஆரம்பிப்பாய், நான் அதற்கு நகை பூட்டுவேன். இரண்டு உலகப் போருக்கும் நடுவில் இத்தாலிக்காரன் அபிசீனியாவை, இப்போதைய எத்தியோப்பியாவை, பிடிக்கப் படையெடுத்தான் என்பாய். அந்த நாட்டு ராஜாவின் குதிரை ஏழடி என்பேன். நாடுகளெல்லாம் சேர்ந்த சர்வதேச சங்கம் கூடி, இத்தாலிக்கு இதை விற்காதே, அதை வாங்காதே என்று தீர்மானம் போட்டதாம். பெட்ரோலை மட்டும் விட்டுவிட்டார்கள். அவன் கப்பல் போன சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இங்கே உன் குரல் இறங்கிவிடும்.

"டாங்கிக்கு ஊத்தறத நிறுத்தாம வேற இன்னாத்த நிறுத்தி இன்னா மச்சான் பிரயோஜனம்?"

நாட்டை இழந்த ராஜா, அந்தச் சங்கம் கூடும் ஜெனீவாவுக்கே போய்ப் பேசினார். இத்தாலிப் பத்திரிகைக்காரர்கள் கேலியாக விசிலடித்தார்கள். அவர் குரலில் மண்டபத்துக் கண்ணாடியெல்லாம் உடைந்தது என்பேன் நான். "ஒடஞ்சிகினு போவட்டும் வுடு" என்று சிரிப்பாய்.

பிறகு உன் ஊர் ஏரியிலேயே மண்ணெடுக்க டிப்பர்கள் இறங்கின. மதகு மட்டத்துக்குக் கீழே பள்ளம் விழுந்தால் தண்ணீர் உன் வயலுக்கு ஏறாது. கோயில் வாசலில் ஊர் கூடியது. டிரைவர்களுக்கு டீ கொடுப்பதில்லை, கான்ட்ராக்டர் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை, மனு எழுதுவது என்று முடிவானது. நீ எழுந்தாய்.

"லாரி நம்மாளுங்க நெலத்து மேலதான போவுது? வழிய மூடுங்க."

வழிக்கு வாடகை வாங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள். "அது வேற விசயம்பா" என்றார் ஒருவர். உன்னோடு வந்திருந்த நான் எழுந்து சிங்கம் போல ஒரு பேச்சுப் பேசினேன். கைதட்டல் கடம்பத்தூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். மறுநாளும் லாரி போனது.

ஆனால் கேன்டீனில் அதைச் சொல்லும்போது, என் பேச்சைக் கேட்டு லாரியெல்லாம் ரிவர்ஸிலேயே ஓடியதாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ தட்டைத் தள்ளி வைத்தாய்.

"குதிரைய எவ்ளோ ஒசரம் வேணும்னா சொல்லு மச்சான். கண்ணாடிய ஒடை. லாரி திரும்பிச்சின்னு மட்டும் சொல்லாத. ஜெயிச்சிட்டோம்னு கேட்டா, அடுத்த ஊர்க்காரனும் டீய நிறுத்திட்டு ஊட்ல குந்திகினு இருப்பான்."

அந்தப் போகம் உன் வயல் காய்ந்தது. அதன்பிறகு நீ அதில் நாற்று விடவே இல்லை. உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனதும் அந்த ஏரிக்கரை வழியாகத்தான். பள்ளத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது, மதகுக்கு எட்டாமல்.

இன்று டீக்கடையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். அவர்கள் ஏரியிலும் டிப்பர் இறங்கியிருக்கிறது. "கூட்டம் போட்டுட்டோம் மாமா. டிரைவருக்குத் தண்ணி கூடக் கெடையாது" என்றார் பெருமையாக. நான் ராஜா கதையைச் சொன்னேன். குதிரை இப்போது ஒன்பதடி. கண்ணாடி உடைந்தது.

"அப்பால? ராஜாவுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரல."

அவர் முகம் மாறியது. மச்சான், அடுத்தது உன் கேள்வி, நகை எதுவும் பூட்டாமல் கேட்டேன்.

"லாரி யாரு நெலத்து மேல போவுது?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்களுதுதான் மாமா" என்றார்.