ஜமக்காளத்தில் வந்த கன்றுகள்

போத்தனூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தரின் காவலில் இருக்கும் ஃபெமினா அப்பாவுக்கு, ஜெபராணி எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளையும் சுகம். பாங்காக் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் கன்றுப் பேச்சை எடுத்தாலே அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கோட்டைமேடு ரசாக் அண்ணன் துணி வியாபாரத்துக்கு அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். இதையாவது முழுசாகப் படியுங்கள்.

வீட்டுமனை போடும் லேஅவுட்காரர்கள் நேற்றும் வந்தார்கள். ரோட்டோரம் நட, ஊரில் எவரிடமும் இல்லாத வெள்ளைப் பூ டெபுபியா மரக்கன்றுதான் வேண்டுமாம். புங்கனைக் காட்டினேன். "அது எங்க போனாலும் கெடைக்குமுங்க" என்று சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து பாங்காக்கிலிருந்து ஆறு கன்று கொண்டுவந்தீர்களே, வேர் மண்ணைக் கழுவி, ஈரத்துணி சுற்றி, பவானி ஜமக்காளத்துக்குள் சுருட்டி. விமான நிலையத்தில் காட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுப்பார்கள், மண்தானே ஆபத்து, அதைத்தான் கழுவியாச்சே என்றீர்கள். நானும் சமர்த்தாகத் தலையாட்டினேன். இலைக்கடியை இருவருமே பார்க்கவில்லை. அந்த ஜமக்காளத்தை நான் உதறியது, கிணத்துக்கடவில் நம் நர்சரிக்கு அடுத்த பழனாத்தாள் அக்கா தோப்பில்.

இப்போது அங்கே பதினாறு தென்னை மட்டை தொங்கி நிற்கிறது. ஓலைக்கடியில் வெள்ளைப் பூச்சி. நம் கன்றுகளிலும் அதே பூச்சி. அக்காவுக்கு நம் மேல் சந்தேகமே இல்லை. "செடி கொடி தெரிஞ்சவ நீ, வந்து என்னன்னு பாரு கண்ணு" என்று என்னையே கூட்டிப்போனார். ஏதோ ஒரு மருந்துப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஆறு கன்றையும் எரித்துவிட்டேன். நீங்கள் கோபப்படுவீர்கள், படுங்கள். வெள்ளிக்கிழமை தோட்டக்கலை அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு அக்காவிடமும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் கண்ணு என்று கூப்பிட்டவர், "உங்கூட்டுக்காரர் எப்ப வாராருங்க?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை இருபது கன்று கட்டி வைத்திருப்பதாக ஃபெமினாவிடம் சொன்னீர்களாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அங்கேயே விட்டுவிடுங்கள். ஆர்டர் போனால் போகட்டும். விமான நிலையத்துக்கும் தகவல் போயிருக்கிறதாம். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் பெயரை எழுதிக்கொடுத்தது நான்தான்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெறும் பெட்டியோடு வாருங்கள். வீட்டுக்கு வருமுன் அக்கா தோப்புக்குப் போவோம். நானும் கூட வந்து நிற்கிறேன்.

உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும்,
ஜெபராணி