நுளம்பு வலைக்குள்ளிருந்து ரீட்டாவுக்கு

என் ரீட்டாக் குட்டிக்கு,

பொழுது சாயப் போகிறது. ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, முன்கதவின் கீழ் இடுக்கில் பழைய துவாயைச் சுருட்டி வைத்துவிட்டு, உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கலஹா பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. உள்ளே காற்றே இல்லை. உன் மகள் ஷெரோன் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

நீ போன பிறகு மனதுக்குள் உன்னோடு பேசாத நாளில்லை. எழுத மட்டும் கை வரவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. போன மாதம் உன் மகளையும் டெங்கு பிடித்தது. பயப்படாதே, பிழைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அடக்கத்துக்குத் தெல்தோட்டையிலிருந்து ஒரே ஒரு பையோடுதான் வந்தேன், உனக்குத் தெரியும். என் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம், "டீச்சர் அடுத்த கிழமை வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை. உன் புருஷன் அந்தோனி கட்டாருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "அக்கா, நீங்க புள்ளையோட இருந்தா நான் நிம்மதியா வேல செய்வேன்" என்றார். இருந்துவிட்டேன். என் இடத்தில் இப்போது வேறொரு பெண் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

வந்ததும் உன் முற்றத்தைத்தான் அழித்தேன். நீ ஆசையாக வளர்த்த அந்தூரியச் சட்டிகளை எல்லாம் கொட்டிக் கவிழ்த்தேன். வாழை மட்டை இடுக்குகளில் தண்ணீர் தேங்கும் என்று அடியோடு வெட்டிப் போட்டேன். மழைத் தண்ணீர் நிற்கும் கூரைப் பீலியைக் கழற்றினேன். சிரட்டை, யோகட் கப், தயிர்ச் சட்டி, உடைந்த வாளி என்று எதையும் விட்டு வைக்கவில்லை. அதன் பிறகும் பயம் போகாமல் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தேன். கதவுக்கும் வலை. ஷெரோன் பள்ளிக்கூடம் போகும்போது முழங்கால் வரை காலுறை, கையெல்லாம் தைலம். வந்ததும் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவேன்.

இவ்வளவு செய்தும் வீட்டுக்குள் நுளம்பு இருந்தது, ரீட்டா. சாப்பிடும்போது மேசைக்கடியில் காலைக் கடிக்கும். எங்கேயிருந்து வருகிறது? எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. பக்கத்துப் பூட்டிய வீடுதான். அந்த வீட்டுக்காரர்கள் கனடாவுக்குப் போனதிலிருந்து அந்த வளவு காடாகிக் கிடக்கிறதே. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சீமெந்துத் தொட்டி, அதன் மேல் நீலத் தார்ப்பாய்ப் படங்கு. கதிரை போட்டு ஏறி அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது. உன்னைக் கொன்றது அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வீட்டுச் சாவி, கண்டி டவுனில் கடை வைத்திருக்கிற சிவா என்ற பையனிடம் இருந்தது. கனடாக்காரருக்கு மச்சினன். அவனை நான் விடவில்லை.

"அக்கா, அத்தானோட சாமான் எல்லாம் உள்ள இருக்கு. அவர கேக்காம நான் எப்பிடித் தொறக்கிறது?"

"வீட்டத் தொறக்க வேணாம் தம்பி. தொட்டித் தண்ணிய மட்டும் எறைச்சு விட்டுட்டுப் போங்க."

"தொட்டில தண்ணி இருக்கிறத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? அப்ப இவ்வளவு நுளம்பும் வானத்துல இருந்தா வருது?"

கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே அவன் எடுப்பதில்லை.

ஷெரோனைப் பற்றி என்ன சொல்ல? மற்றப் பிள்ளைகள் ரோட்டில் சைக்கிள் ஓட்டும். இவள் ஜன்னல் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். வலையின் கட்டம் மூக்கு நுனியில் பதிந்திருக்கும். ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அம்மா இருந்தா என்னைய வெளிய விட்டிருப்பாங்க."

"அம்மா இல்லாததுனாலதான் விடல" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதையே நிறுத்திக்கொண்டாள். அது எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ என்னை என்னவென்று நினைப்பாய்?

போன மாதம் ஒரு விடியற்காலை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப் போய் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்றெல்லாம் நான் நிற்கவில்லை. போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். இரத்தம் பார்த்தார்கள். டெங்குதான்.

வார்டில் அவளை வலைக்குள் படுக்க வைத்தார்கள். நீ படுத்திருந்தது போலவே. குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து அளந்து சொல்லச் சொன்னார்கள். அந்தோனி கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தார். லீவு கேட்டிருக்கிறார், தரவில்லை. "அக்கா, நான் இங்க அடைபட்டுக் கெடக்கிறேன் அக்கா. ரீட்டாவுக்கும் அடக்கத்துக்குத்தான வந்து சேந்தேன்" என்று அழுதார். நான் போனை ஷெரோனின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றேன். கை வலித்தும் இறக்கவில்லை.

பிறகு காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்தது. பக்கத்துக் கட்டில் தாய், "பாருங்க, புள்ளைக்குச் சொகமாயிருச்சு" என்று சிரித்தாள். நீயும் காய்ச்சல் விட்ட அன்றுதானே எனக்குப் போன் எடுத்து, "இப்ப நல்லாருக்கு அக்கா, பசிக்கிது" என்றாய்? அடுத்த நாள் நீ இல்லையே. நான் ஓடிப் போய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெரியும் அம்மா, இனித்தான் கவனம், நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். பார்த்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒருநாள் காலை ஷெரோன் கண்ணைத் திறந்து, "பெரியம்மா, பாணும் சம்பலும் வேணும்" என்றாள். டாக்டர் சிரித்தார். நான் நடையோரம் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பி.எச்.ஐ. வந்தார். டெங்கு வந்த வீட்டைப் பார்க்க சுகாதாரப் பரிசோதகர் வருவார்கள் அல்லவா? இளம் பிள்ளை, சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசினார். அவர் நிழல் முற்றத்தில் விழுந்ததுமே நான் மதிலைக் காட்டினேன். "சேர், அங்க. அந்தத் தொட்டி." அவர் அழைத்ததும் சிவா சாவியோடு வந்து சேர்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் அவர்கள் பின்னால் போனேன். பி.எச்.ஐ. படங்கைத் தூக்கினார். தொட்டி அடியில் பெரிய வெடிப்பு. உள்ளே காய்ந்த சருகு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ.

சிவா என்னைத் திட்டியிருக்கலாம். படங்கை மட்டும் திரும்ப இழுத்து மூடினான்.

"அக்கா, இனி உங்கட வீட்டுக்குள்ள பாக்கணும்" என்றார் பி.எச்.ஐ.

"என் வீட்டுக்குள்ளயா? சேர், வலைய பாத்தீங்களா? ஒரு ஈ கூட உள்ள வராது."

அவர் டோர்ச்சோடு குளியலறை பார்த்தார், மேசைக்கடி பார்த்தார். பிறகு உன் பிரிட்ஜை இழுக்கச் சொன்னார். அந்தோனி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதே பிரிட்ஜ்தான். பின்பக்கம் மோட்டாருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. உள்ளே உருகும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில்தான் விழுமாம். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்குமா?

தட்டு நிறையத் தண்ணீர். டோர்ச் பட்டதும் அந்தத் தண்ணீர் நெளிந்தது. அவ்வளவு நுளம்புக் குடம்பிகள்.

"ஒரு ஈயும் வராதுதான் அக்கா" என்றார் அவர், மெதுவாக. "ஆனா உள்ள பொறந்தது வெளிய போகவும் ஏலாது தானே."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து போய், பிள்ளையை எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்திலும் இருக்கலாம், பஸ்ஸிலும் இருக்கலாம் என்றார். நல்ல மனுசன். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. உன்னைக் கடித்தது எங்கே பிறந்தது என்று நானும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்க மாட்டேன். ஆனால் பிரிட்ஜைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி என் கையைப் பிடிக்கிறது.

சிவாவுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை எடுத்தான். "மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். "பரவால்ல அக்கா. தங்கச்சிப் புள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

அதன் பிறகு கதவுகளைத் திறந்து போட்டேன் என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். இல்லை, ரீட்டா. தட்டைக் கழுவினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவுகிறேன். ஆனால் துவாய் இன்னும் இடுக்கில்தான் இருக்கிறது. எதிரி இன்ன இடத்தில் இருக்கிறான் என்று நினைத்திருந்தவரை அந்தப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எந்தப் பக்கம் பார்ப்பது?

நேற்று நல்ல வெயிலில், மதியம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஷெரோனை முற்றத்தில் விட்டேன். நான் நுளம்பு அடிக்கிற பேட்டோடு வாசலில் நின்றேன். அவள் நடுவில் போய் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். வெட்டிய வாழைக் கட்டைகள், வெறும் மண், கவிழ்த்த சட்டிகள். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்தாள்.

"ஏன்டி வந்துட்ட?"

"அங்க என்ன இருக்கு பெரியம்மா?"

அவளே செருப்பைக் கழற்றிக்கொண்டு, குனிந்தபடி கேட்டாள்: "அம்மாகிட்டயாவது போவோமா?"

அடக்கத்துக்குப் பிறகு அவளை நான் உன்னிடம் கூட்டி வரவே இல்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்குக்கூட நான் தனியாகத்தான் வந்தேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூச்சாடிகள், ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். உன் தலைமாட்டில் இருந்ததிலும் குடம்பி நெளிந்தது. அதை நான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பயமாக இருந்தாலும் வருவேன். சாடி கொண்டு வர மாட்டோம். பூக்களின் காம்பை உன் மேலே ஈர மண்ணிலேயே குத்தி வைக்கிறோம். சீக்கிரம் வாடிவிடும்தான். வாடட்டும். அதற்காகவே அடுத்த ஞாயிறும் வருவோம், அதற்கடுத்த ஞாயிறும் வருவோம். உன் பக்கத்தில் படுத்திருப்பவர்களின் சாடிகளையும் நானே கவிழ்த்து விடுகிறேன். அவர்களிடம் நீ சொல்லி வை.

உன் மகளுக்குப் பெரியம்மாவாய், உனக்கு எப்போதும் போல அக்காவாய் இருக்கிற,
ஸ்டெல்லா