சுவருக்குள் ஒளித்த பேணி

செவ்வாய். ஊரடங்கின் இருபத்திரண்டாம் நாள். புங்குடுதீவு.

போன வருடம் பக்கத்து வளவில், கனடாவுக்குப் போனவர்களின் ஆளில்லாத வீட்டுச் சுவருக்குள் ஒரு பிஸ்கற் தகரப் பேணியை ஒளித்து, இடத்தைப் புதையல் தேடும் கைபேசிச் செயலி ஒன்றில் போட்டேன். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதவேண்டும். அதுதான் விளையாட்டு. ஊரடங்கில் யாரும் வந்திருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் இன்று பின்னேரம் பார்க்கப் போனேன். புதிய பெயர் ஒன்றும் இல்லை.

பின்னால் குரல் கேட்டது. மாடு தேடி வந்த, எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா.

“என்ன பட்டதாரி, கனடாக்காரர் தாட்டுவிட்டுப் போன நகையோ? எனக்கும் பாதி தாரும்.”

கூச்சத்தோடு கொப்பியைக் காட்டி விளக்கினேன்.

“அப்ப நானும் கண்டுபிடிச்சிட்டன் எல்லோ? பேனையைத் தாரும் பிள்ளை.”

“கொரோனா, அக்கா. தொடாதேங்கோ.”

“ஓம், அதுவும் சரிதான்,” என்று முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து மனம் சரியில்லை. அவர் பெயரை நானே எழுதிவிடலாம் என்று, கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த கொப்பியை இப்போது திறந்தேன். பெயர் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதே ஒழுங்கையில் இருக்கிறேன், அக்கா என்று மட்டும் கூப்பிட்டு.

அம்மாவிடம் கேட்டால் சொல்லுவா. வேண்டாம். நாளைக்கு அவர் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றாவது அவரிடமே கேட்கவேண்டும்.