பச்சை பெயிண்ட் அடித்த மில்லிங் மெஷின்

என் அந்தோணி மச்சானே,

உன்னைத் தெற்கே உன் ஊர் மண்ணில் வைத்துவிட்டு வந்து ஒன்றரை வருடமாகிறது. நீ இருக்கும் இடத்திலாவது கரண்ட் ஒழுங்காக வருகிறதா? இங்கே நீ விட்டுப்போன லட்சணம்தான்.

நாளைக்கு மறுபடியும் ஒரு மில்லிங் மெஷின் பார்க்கக் கோயமுத்தூர் போகிறேன். நாம் வாங்கிய அந்தப் பச்சை மெஷினைப் பழைய இரும்புக்குத் தள்ளியாயிற்று. சேதி தெரிந்ததிலிருந்து ஊர் மேதைகள் என் வாசலை விட்டு நகரமாட்டேன் என்கிறார்கள். காங்கேயத்து அரிசி மில்லில் ஒருநாள் பெல்ட் மாட்டியவனெல்லாம் இப்போது மெஷின் நிபுணன். எத்தனை டன், எந்த நாட்டுச் சரக்கு, பெயிண்ட் புதுசா என்று கேட்கிறார்கள். வெட்டும் இரும்பைத் தாங்கி நகரும் டேபிள் நேராக ஓடுமா என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

அப்போதும் இதே கூட்டம்தானே? என் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, பனியன் கம்பெனிகளின் நிட்டிங் மெஷினுக்கு நாம் கேம் செய்துகொண்டிருந்தோம். ஊசியை ஏற்றி இறக்கும் அந்தச் சின்ன இரும்புத் துண்டின் வளைவை அரத்தால் ராவி ராவி உன் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. அந்த வளைவை வெட்டித்தர ஒரு மில்லிங் மெஷின் இருந்தால் போதும் என்றாய்.

அவிநாசி ரோட்டுக் கிடங்கில் இரண்டு பழைய மெஷின்கள் கிடந்தன. ஒன்று பச்சை பெயிண்டில் மினுக்கிய ராட்சதன். மற்றது துருவேறிய சின்ன மெஷின். புரோக்கர் பச்சையைத் தடவித் தடவிக் காட்டினான். கல்யாணத் தரகனுக்குக்கூட அவனைவிடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

நீ பெயிண்டைப் பார்க்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி, டேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாய். நடுவில் லொடலொடத்தது, கோடியில் இறுகியது.

“நடுவுல தேஞ்சு போச்சு மாப்ள. பெயிண்ட அடிச்சா தேய்மானம் போயிருமா? சின்னத எடுப்போம். அதுல டேபிள் ஆடாம நிக்கு, பாத்தியா?”

கூட வந்திருந்த என் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் வாழ்நாளில் இயக்கிய ஒரே இயந்திரம் கிணற்று மோட்டார். அதுவும் சுவிட்சைப் போடுவதோடு சரி.

“மிசினுன்னா பாத்தா ஒரு மதிப்பு வேணுமல்லோ கண்ணு? இது கோழிக்கூண்டாட்டம் இருக்குது. சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்” என்றார்.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூக் கேட்கிற குடும்பம் நாங்கள். மில்லிங் மெஷினுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில், சாமி மேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் பெரியது, இடப்பக்கம் விழுந்தால் சின்னது என்று கணக்கு. வலப்பக்கம் விழுந்தது. நீ வெளியே வேப்பமரத்தடியில் நின்றாய். “வேதக்காரங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க” என்று புரோக்கர் இளித்தான். கமிஷனுக்காகக் கோயில்வரை வந்தவனுக்கு எவ்வளவு பக்தி பார்.

சுவரை இடித்து ராட்சதனை ஷெட்டுக்குள் இறக்கினோம். பெரியப்பா அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளையைப்போலக் காட்டினார். நீ மாதக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டினாய். வெட்டிய கேம் ஒன்றுபோல் ஒன்று வரவில்லை. ஒரு கம்பெனியில் ஊசிகள் உடைந்து, துணி நெடுகக் கோடு விழுந்தது. முதலாளி உன்னைக் கூப்பிட்டு, தன் ஆட்கள் முன்னால் கேட்டார்:

“ஏனுங்க அந்தோணி, கை நடுங்குதுங்களா? முன்ன மாதிரி இல்லீங்களே.”

இத்தனை ‘ங்க’ போட்டு ஒரு மனிதனைச் செருப்பால் அடிக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். அதன்பின் போன இடமெல்லாம் அதே பேச்சு, அந்தோணிக்குக் கை போய்விட்டது என்று. அந்தக் கெட்ட பேரோடுதான் மஞ்சள் காமாலையில் நீ செத்தாய்.

நேற்று பெரியப்பா மறுபடியும் வந்தார். “போன தடவ சாமி சரியாத்தான் சொல்லுச்சு. ஓட்டுனவனுக்குத்தான் கை சரியில்ல. இந்தத் தடவயும் பூக் கேட்டுப்போடலாங் கண்ணு.”

“சாமி வந்து மிசின ஓட்டிப் பாத்துதுங்களா? ஓட்டிப் பாத்தவன் அந்தோணிங்க” என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இத்தனை பேரை இளக்காரம் செய்கிறேனே, எல்லோரிலும் கேவலமானவன் யார் தெரியுமா? அன்று கிடங்கில் நீ டீ குடிக்கப் போயிருந்தபோது நானும் அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன் மச்சான். நடுவில் லொடலொடத்தது என் கைக்கும் தெரிந்தது. நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெரியப்பா முன்னால் வாயைத் திறக்கவில்லை. முதலாளி உன்னைக் கேட்ட அன்றும் உன் பக்கத்தில் நின்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பூவை நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டா போனாய்? அப்படி நினைத்திருந்தால் எனக்குத்தான் சௌகரியம்.

நாளை டேபிள் ஆடாத மெஷினைத்தான் எடுப்பேன், அது எவ்வளவு சின்னதானாலும் சரி. அது பெரிய காரியமில்லை. அதற்கு முன் அந்தக் கம்பெனிக்குப் போய், அதே முதலாளியிடம், அதே ஆட்கள் முன்னால், ஆடியது உன் கையில்லை, மெஷின், அது தேய்ந்தது என்று தெரிந்தே வாங்கியவன் நான் என்று சொல்வேன். சொன்ன பிறகுதான் பஸ் ஏறுவேன்.

தெரிந்தே வாய்மூடி நின்ற
உன் மாப்பிள்ளை,
நாச்சிமுத்து