வலது முன்சக்கரத்துச் சத்தம்

என் பிரியமான ரகு அண்ணாவுக்கு,

உன் கார் இப்போது சத்தம் போடுவதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து கொல்லைப்புறம் போய்க் கொட்டகையில் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நின்றுகொண்டுதான் இருக்கிறது. எங்கே போய்விடும்?

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் பைலைத் திறந்தால், திறந்தது எதற்கு என்று மறந்துபோகிறது. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றாமலே மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வருகிறேன். "எங்கேடா போயிட்டு வரே?" என்று அம்மா கேட்டால் சொல்வதற்கு ஒரு இடம் கிடையாது.

சுதந்திரம் வந்த வருஷம் காலேஜை விட்டுவிட்டு நீ பம்புசெட் விற்க இறங்கினாய். பதினாலு வருஷம் அதே வேலை. மண்ணச்சநல்லூர், லால்குடி, முசிறி என்று உன் கால் படாத வரப்பு இந்த ஜில்லாவில் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பச்சை நிறச் சீமைக் காரை வாங்கினாய். உனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. போன ஆடியில் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் வாய்க்கால் உடைந்த பாதையில் அதை இறக்கினாய். முன்சக்கரம் முழுகும் அளவுக்குத் தண்ணீர். அன்றிலிருந்துதான் வலது முன்சக்கரத்தில் அந்த உறுமல். நீ கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித் தெருமுனை திரும்பும்போதே மன்னி அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டுமா? பாலக்கரையில் புது பேரிங் வாங்கி வந்திருந்தாய். "சம்பத்து, இன்னிக்கு மாத்திடலாமாடா? நீ கூட இருந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றாய். எனக்கு அன்றைக்கு கிரிக்கெட் மேட்ச். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் அண்ணா. அதுவரைக்கும் காரை எடுக்காதே, சக்கரம் கழண்டு தனியா ஓடிடப் போறது" என்று சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ சிரித்தாய்.

புதன்கிழமை முக்கொம்புப் பக்கம் ஒருவருடைய பம்புசெட் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. காரை எடுக்கவில்லை நீ. என் பேச்சைக் கேட்டு சைக்கிளில் போனாய். புரட்டாசி வெயில், ஆற்றங்கரைப் பாதை. திரும்பும்போது ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாயாம். வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் பார்த்து, வைக்கோலின் மேலேயே உன்னைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

"இருதயம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார் டாக்டர். நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வந்திருக்குமா, அண்ணா? அவ்வளவு தூரம் எதிர்காற்றில் மிதிக்காமல், காரில் சாய்ந்து போயிருந்தாலுமா?

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கக் கார் ஒழுகும் கொட்டகைக்குள் கிடந்தது. பாட்டரி செத்துவிடக் கூடாது என்று மார்கழியில் மூன்று தரம் வெளியே எடுத்தேன். உறுமல் இப்போது அரைக்கிற சத்தமாகியிருந்தது. முதல் தரம் திரும்பி வந்தபோது மன்னி கையில் சொம்போடு கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். உனக்குக் கால் அலம்பக் கொடுப்பாளே, அதே சொம்பு. இறங்கியது நான் என்று கண்டதும் உள்ளே போய்விட்டாள். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் சொம்பு இல்லை, ஆனால் வந்து நின்றாள்.

"சம்பத்து, அந்தச் சத்தத்தை எடுத்துடு" என்றாள். "அது நீதான்னு தெரியறது. தெரிஞ்சும் கால் தானா எழுந்துடறது."

எனக்கு அதைக் கழற்ற மனசில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாயோ என்னவோ, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் நான் காரையே எடுத்தேன். ஆனால் மன்னியிடம் எப்படி மாட்டேன் என்பது?

தை மாசம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் குடத்தை இழுத்துக் கழற்ற ஒரு கருவி வேண்டும். அதற்காகப் பாலக்கரைக்கு உன் சிநேகிதர் சையது பாயின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

"ரகு சார் வண்டியா? நான் வரேன் தம்பி, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க?" என்று கிளம்பியேவிட்டார்.

"இல்ல பாய். நானே செய்யணும்."

அவர் கருவியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "கடைசியில நட்டை ரொம்ப இறுக்கிடாதீங்க. இறுக்கிட்டு லேசா தளர்த்தி விடுங்க. இல்லேன்னா சூடாகிப் பிடிச்சுக்கும்" என்றார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. நடுமூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை, செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு. நட்டு கழன்று ஓடாமல் இருக்கக் குத்தியிருந்த ஊசி, குறடு பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கருவியைப் பூட்டித் திருகியதில் குடம் வந்துவிட்டது. உள் பேரிங்கின் வளையம் மட்டும் அச்சைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. துரு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றினேன். தட்டினேன். உளியை வைத்து அடித்தேன். அடிக்க அடிக்க எனக்குள் என்னவோ ஏறிக்கொண்டே போயிற்று. உளி வழுக்கிக் கட்டைவிரல் மூட்டுத் தோல் பிய்ந்தது. சுத்தியலை வீசி எறிந்தேன். அது மதிலில் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மன்னி வந்தாள். என் கையைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள். சுத்தியலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உளியை நான் பிடிச்சுக்கறேன். நீ அடி."

"வேண்டாம் மன்னி, உங்க கையில பட்டுடும்."

"படட்டும். அடி."

முதல் அடி பயந்து அடித்தேன். இரண்டாவது அடியில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "மன்னி, அன்னிக்குக் காரை எடுக்காதேன்னு அண்ணாகிட்ட நான்தான் சொன்னேன். மேட்சுக்குப் போகாம இதை அன்னிக்கே மாத்தியிருந்தா, அண்ணா கார்லதான் போயிருப்பான்."

உளி அசையவில்லை. மன்னி தலை நிமிராமலே பேசினாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்கு மாரை அடைச்சுது. வேர்த்துக் கொட்டித்து. டாக்டர்கிட்டப் போலாம்னேன், வெறும் வாயுன்னார். சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். அம்மாகிட்டயும் உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டார். மறுநாள் அவர் சைக்கிளை எடுக்கறச்சே நான் வாசல்லதான் நின்னுண்டிருந்தேன். சத்தியம் பண்ணிட்டோமேன்னு வாயை மூடிண்டு நின்னேன். சொல்லியிருந்தா நீ அவரை விட்டிருப்பியா, சம்பத்து?"

விட்டிருக்க மாட்டேன். நடுத்தெருவில் படுத்தாவது மறித்திருப்பேன். அதை எப்படி அவளிடம் சொல்வது? எனக்கு ஒரு நாளும் ஆறுதல் தராத அந்த வார்த்தைகளைத்தான் எடுத்துக் கொடுத்தேன். "நாற்காலியில உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார் மன்னி."

"நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"என்கிட்டயே சொன்னார்."

இந்த மாசங்களில் முதல் தடவையாக அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்படின்னா உனக்கும் அதானே? எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னா சொல்லியிருப்பார்?"

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். எவ்வளவு வலித்தது என்றாவது அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா நீ? உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது அண்ணா. எழுதியாகிவிட்டது, கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

"கை வலிக்கறது, அடி" என்றாள் மன்னி. நாலாவது அடியில் வளையம் விரிந்து கழன்று விழுந்தது. இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தோம். கொல்லையில் பூப்பறிக்க வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

டிக்கியில் நீ வைத்திருந்த புது பேரிங் பொட்டலத்தை மன்னிதான் பிரித்தாள். அச்சையும் குடத்தையும் மண்ணெண்ணெயில் துடைத்தெடுத்தேன். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, குண்டுகளுக்கு நடுவே அது பிதுங்கி வரும்வரை அவள் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். பாய் சொன்னபடியே நட்டை இறுக்கிவிட்டு லேசாகத் தளர்த்தினேன். புது ஊசி குத்தினேன். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டபோது அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

ஓட்டிப் பார்க்க மன்னியையும் ஏறச் சொன்னேன். கொள்ளிடப் பாலத்தில் மணலின் மேல் அடிக்கும் காற்றுகூடக் காதில் விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். மன்னி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். நான் வந்து கதவைத் திறந்ததும் கேட்டாள்: "எனக்கு இதை ஓட்டக் கத்துக் குடுப்பியா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் முடித்த டீச்சர் டிரெயினிங் உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணச்சநல்லூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது. வருஷம் திரும்புவதற்குள் படி இறங்குவதா என்று உறவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "பஸ்ஸுல இடிபட்டுண்டு போறதுக்கு இந்தக் கார் தேவலை."

காலையில் ஆற்றங்கரைப் பாதையில் பழகினோம். ஒரு தடவை வைக்கோல் போரில் ஏற்றினாள். இரண்டு தடவை வண்டி ஏற்றத்தில் நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. லைசென்சுக்குச் சோதித்தவர் பின்பக்கமாக ஓட்டச் சொன்னார், என்னைவிட நேராக ஓட்டினாள். எதிர்வீட்டு மாமா அம்மாவை வழிமறித்து, "உங்காத்து மாட்டுப்பொண் காரோட்டறாளாமே?" என்று கேட்டார். "ஆமாம். உமக்கு எங்கேயாவது போகணுமா?" என்றாள் அம்மா.

என் தவிப்பு தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுகிறேன். ஒரு வித்தியாசம்தான். இப்போது நான் எழுந்து நடக்கும்போது, "போயிட்டு வா, ஆனா சாப்பாட்டுக்கு வந்துடு" என்று சொல்ல, காரணம் தெரிந்த ஒருத்தி வீட்டில் இருக்கிறாள்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. மன்னி முதல்முறையாகத் தனியே ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள். சைக்கிளில் பின்னாலேயே போனால் என்ன என்று நேற்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் திட்டுவாள். போகமாட்டேன், அண்ணா. பாலம் வரைக்கும்கூடப் போகமாட்டேன். வாசலில் நின்று கை காட்டுவேன். அவள் தெருமுனை திரும்பியதும் ஆபீஸுக்குக் கிளம்பி, போய், நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை என் வேலையைப் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னையே அண்ணாவாகப் பெற்ற,
உன் தம்பி
சம்பத்து