விட்டுப் படித்த வரி

எருத்தேன்பதி,
யுவ வருஷம் மாசி மாதம் 5-ந் தேதி

சிரஞ்சீவி கந்தப்பனுக்கு அம்மா அங்காத்தாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. எழுதுகிற கை உன் தங்கை மயிலாத்தாளுடையது, சொல்லுகிற வாய் என்னுடையது. உன் ஐயனும் நானும் மயிலாளும் சின்னவனும் படுக்காமல் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டும் சாமி புண்ணியம். தஞ்சாவூர்ச் சாப்பாடு இப்போதாவது உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்பதை ஒளிக்காமல் எழுது. இங்கே இந்த வருஷம் தைக்காற்று மாசி பிறந்தும் ஓயவில்லை, கணவாய் வழியாக ஊதுகிற ஊதலில் மாட்டுச்சாளையின் பனையோலை பாதி பறந்து பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தது, உன் ஐயன் அதைப் பொறுக்கப் போய் வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். எருமை கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. சின்னவன் புளியங்கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் எங்களை அலற வைத்துவிட்டுக் கடைசியில் தும்மித் தானே வெளியே தள்ளினான். கிணற்றில் தண்ணீர் போன மாசிக்கு இருந்ததைவிட ஒரு முழம் மேலே இருக்கிறது, மாடு பூட்டிக் கவலை இறைக்க இன்னும் கஷ்டம் வரவில்லை.

இனி உன் சங்கதி. போன வெள்ளிக்கிழமை உன் காகிதம் வந்தது, மயிலாள் படித்துச் சொன்னாள். என் கையால் ஐயன் தோட்டத்தையே கருக்கிவிட்டேன், சொந்த மண்ணுக்கு உரம் அளந்து போடத் தெரியாதவன் விவசாயப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தால் சிரிப்பார்கள், பெயரை அடித்துவிட்டு ஊருக்கு வந்து ஏர் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாயாம். கேட்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பத்து வருஷம் படித்ததும் மூன்று வருஷமாக அவ்வளவு தூரத்தில் இருப்பதும் இந்த ஒரு பரீட்சைக்காகத்தான், பங்குனிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தீபாவளிக்கு வந்தபோது என்ன சந்தோஷமாக இருந்தாய். ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊரில் ஒரு பயிர் வைத்து, அதன் குறிப்புப் புத்தகத்தைப் பரீட்சைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் சொன்னதாகச் சொல்லி, கிணற்று மேட்டில் பத்துப் பாத்தி கட்டி, ராகி நாற்று விட்டு, பத்து வீசை வெள்ளை உரத்தை மூட்டையாகக் கொண்டுவந்து வைத்தாய், இதற்கும் ஆடிப் பட்டத்துக்கும் சேர்த்து இது போதும் என்றாய். உப்பு மாதிரி இருக்கிறதே, இதைப் போட்டால் பயிர் பிழைக்குமா என்று ஐயன் அப்போதே முனகினார். கார்த்திகையில் நாற்றைப் பிடுங்கி நட்டோம், மார்கழியில் உன் காகிதம் பார்த்துத்தான் உரம் போட்டோம். நாலாம் நாள் எட்டுப் பாத்தியும் தீயில் வாட்டினதுபோல் நுனி கருகிப் படுத்துவிட்டது. ஐயனுக்கு வந்த கோபத்தில் கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு நடந்தே போய், மண்டிக்கார அப்புசாமியைக் கொண்டு உனக்குக் கார்டு எழுதிப் போட்டார். நீ சொன்னபடி பாத்திக்கு ஒண்ணே கால் வீசைதான் போட்டோம், உன் படிப்பு நம் காட்டைச் சுட்டுவிட்டது என்று எழுதச் சொன்னாராம். அது கோபத்தில் சொன்ன பேச்சு கண்ணு, மனதில் வைக்காதே. ஆனாலும் அளவு எழுதும்போது நீயும் கொஞ்சம் கவனமாக

இந்த இடத்தில் மயிலாள் எழுதாமல் நின்றுவிட்டாள். மையைத் தொட்டுத் தொட்டு வைக்கிறாள், காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. என்ன புள்ளெ, பேனா ஒடிஞ்சு போச்சா என்றேன். இல்லீங்க என்றாள். பின்னே எழுது, அண்ணனுக்குக் கவனம் போதாதுன்னு எழுது என்றேன். அண்ணனுக்குக் கவனமெல்லாம் போதுமுங்க என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே, கோழியைக்கூட விரட்டத் தெரியாத குரல். அப்புறம் எழுந்து போய், முறத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த உன் மார்கழிக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு அழுதாள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன், ஒரு குச்சி, பக்கத்தில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்ததுபோல் ஒரு கோடு, அதற்கப்புறம் நாலு. ஒரு பாத்திக்கு 1/4 வீசை என்று நீ எழுதியிருக்கிறாய். கோடு போட்டு நாலு எழுதினால் கால் என்று மட்டும் அவளுக்குத் தெரியும், முன்னால் ஒன்று நிற்கிறதே என்று ஒண்ணே கால் வீசை என்று படித்துவிட்டாள். உரம் போட்ட அன்றைக்கு ஐயன் தராசைக் கையில் வைத்துக்கொண்டு, ஒண்ணே காலா, நல்லாப் பாத்துச் சொல்லு சாமி, இது ஆளையே கொன்னுபோடுமாட்ட இருக்குதே என்று இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் ஒண்ணே காலுங்க என்றாள். அதனால்தான் மூட்டை எட்டாம் பாத்தியோடு தீர்ந்துபோனது. இன்னொன்றையும் எழுது என்று நான் சொல்லவில்லை, அவளே எழுதுகிறேன் என்கிறாள். கால் வீசை என்று எழுதினதாகத்தான் நினைவு, கை தவறி ஒன்றே கால் என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்று உன் வெள்ளிக்கிழமைக் காகிதத்தில் ஒரு வரி இருந்ததாம், எங்களுக்குப் படிக்கும்போது அந்த வரியை விட்டுப் படித்திருக்கிறாள். அப்போதே தன் தப்பு தெரிந்துபோனதாம். சொன்னால் இனி உன் காகிதத்தையெல்லாம் அப்புசாமியிடம் கொண்டுபோய்ப் படித்துக்கொள்வோம், தன்னிடம் தரமாட்டோம் என்று பயந்தாளாம். நாலு நாளாக இவள் அரைச்சோறு தின்று எழுந்ததை நான் ஜலதோஷம் என்று நினைத்துச் சுக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதினதை அடித்துவிடட்டுமா என்று கேட்டாள், அடிக்க வேண்டாம், இருக்கிறபடியே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் குறை சொன்ன வாய் என்னுடையது, அதுவும் உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாம் கிளாஸ் முடிந்ததும் சின்னவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று இவளை நிறுத்தினதும் நான்தான். கோட்டுக்கு மேலும் கீழும் எண் போடுகிற கணக்கு நாலாம் கிளாசில்தான் வருமாம், இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். இவளைத் திட்ட வாயைத் திறந்தேன், அந்த நினைப்பு வந்தது, மூடிக்கொண்டேன்.

ஐயன் கவலை ஓட்டி முடித்துக் கஞ்சிக்கு வந்தார், நானே சொன்னேன். கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார், மயிலாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்ப பையன் சரியாத்தான் எழுதியிருக்கறான், நாமதான் பத்து வீசை உப்பைக் கொட்டி ராகியை ஊறுகாய் போட்டுட்டமாக்கும் என்றார். அவர் சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு, ஏம்புள்ளெ, அந்த ஒம்பதாம் பாத்திக்கு எவ்வளவு விழுந்திருக்கும் என்று கதவைப் பார்த்துக் கேட்டார். இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். எட்டாம் பாத்திக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுந்து மூட்டை தீர்ந்தபின் சாக்கின் உள்ளே ஒட்டியிருந்ததை ஐயன் ஒன்பதாம் பாத்தியில் உதறிவிட்டார், பத்தாம் பாத்திக்கு ஒன்றுமே இல்லை. எட்டுப் பாத்தியும் போனதுபோல் அந்த ஒன்பதாம் பாத்தி போகவில்லை. கருகருவென்று ஏறி இடுப்புக்கு மேல் நிற்கிறது. இந்த உரமே விஷம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டவர், அதனால் வாயைத் திறக்கவில்லை, ஆனால் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பாத்தி ஓரம் குந்திக் கதிரைத் தடவிப் பார்ப்பதை நான் இரண்டு தரம் கண்டேன். சாக்கு உதறினது கால் வீசைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமுங்க என்று மயிலாள் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். நீ கொடுத்துவிட்டுப் போன குறிப்புப் புத்தகத்தை இவள் ஒரு நாள்கூட விடவில்லை கந்தப்பா, கருகின பாத்திகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்ட நாள், களை எடுத்த நாள், எத்தனை குத்துப் பயிர் பிழைத்தது என்பதெல்லாம் எழுதியிருக்கிறாள். ராகிக் கதிர் கைவிரல்போல் பிரிந்து நிற்குமே, ஒன்பதாம் பாத்தியில் ஒரு கதிருக்கு அப்படி எட்டு விரல், ஒன்பது விரல், பத்தாம் பாத்தியில் ஐந்து, ஆறு. விரல் விரலாக எண்ணியிருக்கிறாள்.

போன சந்தைக்கு அப்புசாமி ஐயனிடம் ஒரு யோசனை சொல்லியனுப்பினான். பூச்சி உழுந்துருச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க மாமா, பரீட்சைக்காரன் எருத்தேன்பதிக்கு வந்தா எட்டிப் பாக்கப் போறான் என்றானாம். ஐயனும் அதுதான் சரி என்று இருந்தார். இப்போது வேண்டாம் என்கிறார், எனக்கும் வேண்டாம். எட்டுப் பாத்திக்கு ஒண்ணே கால், ஒன்பதாவதுக்கு ஏறக்குறையக் கால், பத்தாவதுக்கு ஒன்றுமில்லை, இப்படி இப்படி ஆனது என்று நடந்ததை நடந்தபடி எழுது. யார் தப்பு என்று கேட்டால் வீட்டில் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள் என்று சொல். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லைங்கண்ணா என்று மயிலாள் இதில் தானாகச் சேர்க்கிறாள், நான் சொல்லவில்லை. உன் கணக்கு தப்பில்லை, ஒன்பதாம் பாத்தி அதற்குச் சாட்சி. உன் பெயரை அடித்திருந்தால் வாத்தியார் காலில் விழுந்தாவது மறுபடி எழுதிக்கொள். ஏர் இங்கே எங்கும் ஓடிப்போகாது.

குறிப்புப் புத்தகத்தைத் துணியில் சுற்றித் தைத்து இத்துடன் அனுப்புகிறேன், உள்ளே ஒன்பதாம் பாத்திக் கதிர் ஒன்றும் பத்தாம் பாத்திக் கதிர் ஒன்றும் வைத்திருக்கிறது, நசுங்காமல் எடு. நாளைக் காலையில் ஐயனே கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார், முன்பு கார்டு போட நடந்த அதே நடை. பரீட்சை நாளில் வெறும் வயிற்றோடு போகாதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நெற்றிக்கு இட்டுக்கொண்டு போ. நம் குலதெய்வம் உன் கையில் நின்று எழுதும், நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய். பரீட்சைக்குப் போகிறேன் என்று ஒரே ஒரு வரி உடனே எழுதிப் போடு. காகிதம் வழக்கம்போல் மயிலாளுக்குத்தான் வரும், அப்புசாமிக்குப் போகாது, ஐயனே சொல்லிவிட்டார். இனி அளவு ஏதாவது எழுதினால் எண்ணில் போடாமல் கால், அரை என்று எழுத்திலேயே எழுது.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா அங்காத்தாள் (இடது பெருவிரல் ரேகை)

அண்ணா, அம்மா கடைசியில் சொன்னது வேண்டாம். எண்ணிலேயே எழுதுங்கள். 1/4 என்றால் கால். 1/2 அரை. 3/4 முக்கால்தானே? உங்கள் வரியில் இதற்கும் ஒரு வார்த்தை எழுதினால், அதையும் விடாமல் படிப்பேன்.
மயிலாத்தாள்