பூசை போட்ட டயர்

புரட்டாசி, வெள்ளி இரவு.

என் வீட்டுக்காரர் பழைய அம்பாசடருக்கு அகலமான புது வீலும் டயரும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். செட்டியார்பட்டி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்ததுமே டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது.

"பழைய வீலையே மாட்டிருங்க," என்றேன்.

"ஏட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சுப் பூசை போட்டாச்சு. பொறவு கழட்டினா ஆகாது."

பழம் நசுங்குகிறதா என்று பார்த்த மனுசருக்கு, டயர் உரசுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. நாளை சனிக்கிழமை. எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையில், குன்றின்மேல் இருக்கும் பெருமாளைக் கும்பிட, பிள்ளைகளை அதில்தான் ஏற்றிப் போவாராம். சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இப்போதுதான் உறைக்கிறது. போன ஆயுத பூசைக்கு அந்தப் பழைய வீலுக்கும் பழம் வைத்தாரே! அதைக் கழற்றும்போது மட்டும் ஆகுமாமா?

குறட்டை விடுகிறார். எழுப்பிக் கேட்கப் போகிறேன்.